பிராய்லருக்கு மஞ்சள், முருங்கை, வினிகர்: பல பேட்ச் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

தீவனத்தில் மஞ்சள் போட்டதும் தராசில் எடை ஏறும் என்று நம்புகிறவர்கள் இரண்டாவது பேட்ச்சிலேயே (ஒரு தடவை வளர்த்து விற்கும் கோழிக்கூட்டம்) நிறுத்திவிடுகிறார்கள். வித்தியாசம் முதலில் தெரிவது ஷெட் தரையில் பரப்பிய கூளத்தில், அதாவது தென்னை நார்க்கழிவில்தான். மூன்றாவது வாரம் ஷெட்டுக்குள் ஒரு கைப்பிடி நார்க்கழிவை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரித்ததும் உதிர்ந்தால் எச்சம் கெட்டியாக விழுகிறது, குடல் நன்றாக இருக்கிறது. உருண்டையாகவே நின்றால் கழிச்சல், இல்லையென்றால் நிப்பிள் (கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனை) ஒழுகல். ஒழுகலுக்கு மஞ்சள் என்ன செய்யும்?

அளவு 50 கிலோ மூட்டைக்கு 250 கிராம். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை வாங்கி அரைப்பது நல்லது. கடைத் தூளில் மாவும் சாயமும் கலந்திருக்கலாம். பலர் கோட்டை விடுவது கலப்பதில். குச்சித் தீவனத்தின் (பெல்லட்) மேல் தூளைத் தூவினால் அது நழுவித் தொட்டியின் அடியில் தங்கிவிடும். ஒரு கோழிக்கு அதிகம், இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. முதலில் 100 மில்லி தவிட்டு எண்ணெயை மூட்டைத் தீவனம் முழுக்கப் பிசறி, பிறகு தூளைப் போட்டுப் புரட்டினால் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளித்து ஒட்டவைக்கவே கூடாது, பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுத்தால் மஞ்சள் போட்டதும் வீண்.

முருங்கை இலையை நிழலில் காயவைத்து, நொறுங்கும் பதத்தில் அரைத்து, மூட்டைக்கு 1 கிலோ. பத்து நாளுக்குள் இருக்கும் குஞ்சுக்கு வேண்டாம். பச்சையாக இருக்கிறதே, சத்துதானே என்று அளவைக் கூட்டினால் நார் மிகுந்து தீவனத்தின் எரிசக்தி குறையும், எடை பின்தங்கும். கோழியின் கால் மஞ்சள் நிறமாக மாறுவது மட்டும் நிச்சயம். உயிர்க்கோழி வியாபாரிக்கு அது பிடிக்கும். நம் பக்கம் வீட்டில் கேழ்வரகு இருக்கிறதென்று அந்த மாவையும் சிலர் சேர்க்கிறார்கள். அதில் புரதம் 7 சதவீதம்தான், குஞ்சுத் தீவனத்துக்கு 22 வரை வேண்டும். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவும் இப்படித்தான்: பச்சையாகப் பத்துக் கிலோ அள்ளிப் போட்டாலும் அதில் ஒன்பது கிலோவுக்கு மேல் தண்ணீர்.

வினிகர்தான் இந்த ஊர்த் தண்ணீருக்குப் பொருத்தம். தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, கடினம், காரத்தன்மை. லிட்டருக்கு 2 மில்லியில் தொடங்கி, பி.எச். தாளில் (தண்ணீரின் புளிப்பைக் காட்டும் தாள்; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 6 வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். 5-க்குக் கீழே போனால் கோழி தண்ணீர் குடிப்பது குறையும். தண்ணீரில் உள்ள உப்பும் ஃப்ளோரைடும் இதனால் குறையாது. பழைய பைப்பில் முதல்முறை ஊற்றும்போது உள்ளே படிந்த வழுவழுப்பு பெயர்ந்து வந்து நிப்பிளை அடைக்கும். பேட்ச் எடுத்து ஷெட் காலியாக இருக்கும்போதே லைனைக் கழுவிவிடுங்கள். துத்தநாகம் பூசிய தகரத் தண்ணீர்த் தட்டில் வினிகர் வேண்டாம். லசோட்டா (வெள்ளைக்கழிச்சலுக்கானது), கம்போரோ தடுப்பு மருந்துகளைத் தண்ணீரில் கொடுக்கிற நாளுக்கு முந்தின நாளும், அன்றும், மறுநாளும் வினிகர், குளோரின் இரண்டையும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தடுப்பூசிக் கிருமி செத்து, ஊசி போட்டும் போடாத கதைதான்.

பூண்டு மூட்டைக்கு 250 கிராம், அன்றன்றைக்கு அரைத்தது. கறியில் வாடை வராமலிருக்க விற்பதற்கு முந்தைய கடைசி நான்கு நாள் நிறுத்துவது நல்லது.

கம்பெனிக் கோழியைக் கூலிக்கு வளர்ப்பவர்கள் தீவனத்தில் எதையும் சேர்க்கும் முன் கம்பெனி சூப்பர்வைசரிடம் கேட்டுவிடுங்கள். எடை குறைந்தால் பழி மஞ்சள் மேல் விழும், பிடித்தம் உங்கள் வளர்ப்புக் கூலியில் விழும்.