பாண்டியில் கச்சேரிக்கு ‘ஃபேன் பிட்’ டிக்கெட் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஈசிஆரில் காலாப்பட்டு போகிற வழியில், ஒரு தனியார் மைதானத்தில் நடந்த ராக் கச்சேரிக்குப் போய் நாங்கள் நன்றாக ஏமாற்றப்பட்டோம். டிசம்பர் வருகிறது, புத்தாண்டை வைத்துப் பாண்டியில் எல்லாப் பக்கமும் மேடை போடுவார்கள், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். பேண்டின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு அவர்கள் பெயரைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் பதிவுதான் முதலில் கண்ணில் படும், பழி அவர்கள் தலையில் விழும். அன்றைக்கு நடந்த எதற்கும் மேடையில் நின்ற அந்த நாலு பேர் காரணம் இல்லை.

அவர்களை நான் முதலில் கேட்டது சென்னையில், ஐஐடி சாரங் விழாவில். அப்போது சொந்தப் பாட்டு நாலைந்துதான் வைத்திருந்தார்கள், மீதியெல்லாம் மற்ற பேண்டுகளின் பாட்டு. ஆனால் அந்த நாலைந்தே போதுமானதாக இருந்தது. அப்புறம் வந்த ஒவ்வொரு ஆல்பத்தையும் வந்த அன்றே கேட்டவன் நான். வேலை, கல்யாணம், அப்பாவுக்கு உடம்பு என்று கடலூரிலேயே தங்கிவிட்டதால் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓடி அவர்களைப் பார்க்க முடியாமலே வருஷங்கள் போய்விட்டன. அவர்களே பாண்டிக்கு வருகிறார்கள் என்றதும் யோசிக்கவே இல்லை. கல்லூரி நண்பன், பிளஸ் டூ படிக்கும் அவன் மகள், நான், மூன்று பேருக்கும் ஃபேன் பிட் டிக்கெட். ஒன்று 3,500 ரூபாய், அதற்கு மேல் டிக்கெட் விற்ற ஆப் எடுத்துக்கொள்ளும் கட்டணம் தனி. பொது டிக்கெட் 1,200தான். ஆப்பில் இருந்த வரைபடத்தில் மேடையை ஒட்டினாற்போல் ஃபேன் பிட், அதற்குப் பின்னால் பொது இடம். நடுவில் வேறு எதுவும் கிடையாது. கதவு திறப்பது 4.30, நிகழ்ச்சி 6.30 என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டிருந்தது.

கதவு திறந்தபோது ஆறரை தாண்டிவிட்டது. அதுவரை வெளியே வெயிலில் நிற்கிறோம், உள்ளே அப்போதுதான் “மைக் செக், ஒன் டூ” கேட்கிறது. கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை வாசலில் வாங்கித் தொட்டியில் போட்டார்கள். உள்ளே எது வாங்கவும் காசு, ஜிபே எதுவும் செல்லாது, ஒரு கார்டு வாங்கி அதில் குறைந்தது 500 ரூபாய் ஏற்ற வேண்டும், மிச்சம் திரும்ப வராது. 20 ரூபாய் அச்சிட்ட தண்ணீர் பாட்டில் 60 ரூபாய். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். கடையில் இருந்த பையன் பாவம், “நாங்க வாடகைக்கு வந்திருக்கோம் சார், எங்களுக்குச் சொன்ன ரேட் இது” என்றான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஃபேன் பிட் என்று படத்தில் காட்டியிருந்த இடத்தில் சோபா போட்டிருந்தார்கள். வெள்ளை உறை மாட்டிய சோபாக்கள், நடுவில் கண்ணாடி மேஜை, மேஜை மேல் ஸ்பான்சர் கம்பெனி பெயர் எழுதிய அட்டை. பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தன, வந்திருந்த சிலரும் மேடைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு தடுப்பு. 3,500 கொடுத்த நாங்கள் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம். 1,200 கொடுத்தவர்களோடு கலந்து நிற்கிறோம், ஏனென்றால் இரண்டுக்கும் இடையில் கட்டியிருந்த கயிறு எப்போதோ அறுந்துவிட்டிருந்தது.

தடுப்பில் நின்ற பவுன்சரிடம் கேட்டேன். “தம்பி, கையில கட்டின பட்டையைப் பாருப்பா, ஃபேன் பிட்டுன்னுதான் போட்டிருக்கு.”

“இது கெஸ்ட் ஏரியாண்ணே. நீங்க பின்னாடி போங்க.”

“இந்த இடத்துக்குத்தான் காசு வாங்கியிருக்காங்க.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே, மேனேஜரைக் கேளுங்க.”

மேனேஜர் எங்கே என்று கேட்டால் மேடைப் பக்கம் கையைக் காட்டுகிறார், அந்தப் பக்கம் போக எங்கள் பட்டை செல்லாது.

கூட்டம் ஏற ஏறப் பின்னாலிருந்து தள்ளு. நண்பன் மகளைத் தடுப்போடு சேர்த்து நசுக்கிவிடுவார்களோ என்று நாங்கள் இரண்டு பேரும் அவளைச் சுற்றிக் கையை ஊன்றி நின்றோம். 2011 அக்டோபரில் குர்கானில் மெட்டாலிக்கா கச்சேரி நின்றுபோனதே முன்வரிசைத் தடுப்புப் பிரச்சினையால்தான், ஆத்திரத்தில் ரசிகர்கள் மேடையில் ஏறி எல்லாவற்றையும் உடைத்தார்கள். 2023 செப்டம்பரில் இதே ஈசிஆரில், பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில், கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாமல் எத்தனை குடும்பங்கள் திரும்பின என்பதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இருக்கிற இடத்தைவிட அதிகமாக விற்பதைப் பணப் பிரச்சினை என்று மட்டும் நினைக்காதீர்கள், உயிர்ப் பிரச்சினை அது.

பேண்ட் மேடை ஏறும்போது ஒன்பதேகால். அதற்கு முன்னால் ஒரு டிஜே, அப்புறம் ஸ்பான்சர்களுக்குப் பொன்னாடை, அப்புறம் குலுக்கல் பரிசு. திறந்தவெளியில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது, விசேஷ நாட்களுக்கு அரசு நள்ளிரவு வரை அனுமதி தரலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. கச்சேரி நடத்துகிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் ஒன்பதேகாலுக்கு ஏற்றினார்கள். சத்தமும் சரியில்லை. இடது பக்க ஸ்பீக்கர் அடிக்கடி செத்துச் செத்து வந்தது, மைதானத்தின் நடுவில் தனியாக வைக்க வேண்டிய ஸ்பீக்கர்களே இல்லை, பின்னால் நின்றவர்களுக்கு டிரம்ஸ் வெறும் ‘தொம் தொம்’ என்றுதான் கேட்டிருக்கும், பாட்டின் வரி ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் அவர்கள் வாசித்தார்கள். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தது, கிட்டார்காரர், தங்கள் வாசிப்பு தங்களுக்கே கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்று கையைக் காட்டிக் காட்டி, கடைசியில் டிரம்ஸ்காரரின் கையைப் பார்த்தே தாளத்தைப் பிடித்தார். சரியாகப் பத்து மணிக்கு, பாட்டின் நடுவில், மைக் செத்தது. டிரம்ஸ்காரர் மட்டும் நிறுத்தவில்லை. ஸ்பீக்கர் இல்லாமலே அவர் அடிக்க, மிச்சப் பாட்டைக் கூட்டம் பாடி முடித்தது. அந்த நாலு நிமிஷத்துக்காக நான் அவர்களுக்கு எப்போதும் கடன்பட்டவன். ஆனால் அந்த நாலு நிமிஷத்தைக் கொடுத்தவர்கள் அவர்கள், எங்களிடம் காசு வாங்கியவர்கள் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஆப் சொல்கிறது, நாங்கள் இடையில் இருப்பவர்கள், நடத்தியவர்களைக் கேளுங்கள். நடத்தியவர்களின் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, இன்ஸ்டாகிராமில் கமெண்டை மூடிவிட்டார்கள். ஆப்பில் இருந்த வரைபடமும் இப்போது மாறியிருக்கிறது, சோபா போட்ட இடத்துக்கு ‘பிளாட்டினம் லவுஞ்ச்’ என்று பெயர் வந்துவிட்டது. டிக்கெட் எடுத்த அன்றே நண்பன் மகள் பழைய படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள், இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரமே அதுதான். நீங்களும் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே வரைபடம், நேரம், நிபந்தனைகள் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் உங்கள் பட்டையும் மேடையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள்.

‘இடையில் இருப்பவர்கள்’ என்று ஆப் கையை விரிப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி அவர்கள் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் போனில் பேசிக்கொண்டே இருக்காமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

நம் பக்கத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, அதைத் தாண்டிக் காலாப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. கடலூரிலிருந்து போகிறவன் முள்ளோடையில் ஒரு எல்லையைத் தாண்டித்தான் உள்ளேயே நுழைகிறான். கச்சேரி அங்கே நடந்தது, நாம் இங்கே இருக்கிறோம், எங்கே போய்ப் புகார் கொடுப்பது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடலூர்க்காரர்கள் கடலூரிலேயே போடலாம், புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது.

நாங்கள் ஆப், நடத்தியவர்கள் இரண்டு பேருக்கும் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், பதில் வராவிட்டால் ஆணையத்துக்குப் போகிறோம். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே ஒரு வழக்காகப் போட சட்டத்தில் வழி இருக்கிறது. அன்றைக்கு ஃபேன் பிட் டிக்கெட்டோடு அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் டிக்கெட், பணம் கட்டிய ரசீது, இருந்தால் பழைய வரைபடம், எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். 1,200 கொடுத்தவர்களும் எழுதலாம், 6.30 என்று போட்டு ஒன்பதேகாலுக்கு ஆரம்பித்தது உங்களுக்கும் நடந்ததுதான்.