வாரம் ஒரு புதுப் பலகாரமா? முதலில் ஒரு தராசு வாங்குங்கள்

"இந்த வருஷம் வாரத்துக்கு ஒன்று, இதுவரை கை வைக்காத பலகாரம்" என்று தீர்மானம் எடுப்பவர்கள் உடனே வாங்கப் போவது ஓவன், ஏர் ஃப்ரையர், கேக் அச்சு. நாலாவது வாரம் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், பிரெட் செங்கல்லாக வரும், தீர்மானம் அதோடு நிற்கும். புதுப் பலகாரம் முதல் தடவை சரியாக வராதது பெரிய விஷயமில்லை. ஏன் வரவில்லை என்று தெரியாமல் இருப்பதுதான் ஆளைச் சோர்வடைய வைக்கிறது. எவ்வளவு போட்டோம் என்பதே தெரியாவிட்டால் அடுத்த முறை எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது? அதனால் இந்த மாதிரி முயற்சியில் இறங்குபவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை, 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும் டிஜிட்டல் கிச்சன் ஸ்கேல்.

கடையில் மூன்று வகை கிடைக்கும். வட்டத் தட்டும் கீழே சின்னத் திரையும் உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் தராசு ஒன்று. ஒரே அமைப்பில் பல பெயர்களில் விற்கிறார்கள். கண்ணாடி அல்லது ஸ்டீல் மேல்தளம் உள்ள தட்டையான தராசு இன்னொன்று. மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் நகைத் தராசு. முதல் இரண்டும் 5 கிலோ அல்லது அதற்கு மேல் தாங்கும், 1 கிராம் படியில் காட்டும். அன்றாடச் சமையலுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் போதும். அது பென்சில் செல்லில் ஓடும், அந்தச் செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது பெரிய பலம். தட்டைத் தராசுகள் சிலவற்றில் பொத்தான் பேட்டரி. அது தீர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை மாவோடு நிற்க வேண்டியதுதான். ஆனால் துடைப்பதற்குக் கண்ணாடிதான் சுகம். பிளாஸ்டிக் தராசின் தட்டு விளிம்பில் மைதாவும் நெய்யும் போய் அடைந்துகொண்டால், தட்டு கீழே உரசி எடை குறைத்துக் காட்டும். வாரம் ஒருமுறை அந்த இடுக்கை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

அகலமான சட்டி வைத்தால் திரை மறைந்துபோவது இரண்டு வகையிலும் உள்ள குறை. தட்டின் மேல் முதலில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் சட்டியை வைத்தால் திரை தெரியும். 'டேர்' பொத்தானை அழுத்தினால் கிண்ணம், சட்டி இரண்டின் எடையும் கழிந்து பூஜ்யம் வரும்.

வாங்கியதும் நாலு சோதனை செய்துவிடுங்கள். பிரிக்காத 1 கிலோ உப்புப் பாக்கெட்டை வையுங்கள். உறையின் எடையும் சேர்ந்து சில கிராம் கூடுதலாகக் காட்டலாம், 30 கிராம் 40 கிராம் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதே பாக்கெட்டைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். எண் ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் மாறினால் திருப்பிக் கொடுங்கள். ஐந்து முறை எடுத்து எடுத்து வையுங்கள்; ஒரே எண் வர வேண்டும். கடைசியாக, ஒரு டம்ளரைத் தனியாக, ஒரு கரண்டியைத் தனியாக, பிறகு இரண்டையும் சேர்த்து நிறுத்துக் கூட்டல் சரிவருகிறதா என்று பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், அகலத் தட்டில் காற்று பட்டாலே எண் ஆடும்.

இந்தத் தராசுகளின் மிக மோசமான பழக்கம் பலருக்குத் தெரிவதில்லை. பெருங்காயத்தையோ ஈஸ்ட்டையோ சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால், எண் பூஜ்யத்திலேயே நிற்கும். தராசு தன் பூஜ்யம் மெல்ல நகர்வதைத் தானே திருத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மெதுவாகச் சேரும் எடையையும் அது அப்படிப்பட்ட நகர்வு என்று எண்ணி விழுங்கிவிடும். 3 கிராம் ஈஸ்ட் வேண்டிய இடத்தில் 5, 6 போய்விடுவது இப்படித்தான். வழி எளிது. டப்பாவையே தராசில் வைத்து பூஜ்யமாக்குங்கள். அதிலிருந்து ஒரே தடவையாக ஸ்பூனில் எடுங்கள். திரை −3 என்று காட்டும். எடுத்தது 3 கிராம். தேன், புளி விழுது, நெய் மாதிரி ஒட்டுகிற பொருளுக்கும் இந்தக் கழித்தல் முறைதான் சிறந்தது, ஸ்பூனில் ஒட்டியதையும் வழித்துச் சட்டியில் போட்டால் கணக்கு பிசகாது. 5 கிராமுக்குக் கீழே அடிக்கடி நிறுக்க வேண்டியிருந்தால் நகைத் தராசைத் தனியாக வாங்கிவிடுங்கள். அது சில நூறு கிராமுக்கு மேல் தாங்காது, பெரிய தராசுக்குத் துணையாகத்தான் பயன்படும்.

கிச்சன் ஸ்கேலில் 'எம்.எல்.' (மில்லி லிட்டர்) என்றொரு அலகும் இருக்கும். அதை நம்ப வேண்டாம். தண்ணீரின் எடையை வைத்து அது கணக்குப் போடுகிறது. 100 மில்லி எண்ணெய் சுமார் 92 கிராம்தான் இருக்கும், ஆக அந்த அலகில் எண்ணெய் அளந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிடுவீர்கள். எல்லாவற்றையும் கிராமிலேயே எழுதுங்கள், தண்ணீரையும் சேர்த்து.

நம் சமையல் குறிப்புகளுக்கு இந்தக் கருவி கூடுதலாகத் தேவைப்படக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது 1956-ல். வீட்டு நோட்டுப் புத்தகங்களில் அதற்குப் பிறகும் ஆழாக்கும் படியும் பலமும் வீசையும்தான். 1 படி 8 ஆழாக்கு. 1 பலம் ஏறக்குறைய 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1.4 கிலோ. படி ஊருக்கு ஊர் வேறு. யாழ்ப்பாணத்துக் குறிப்பு என்றால் சுண்டு என்ற முகத்தல் அளவு. இணையத்தில் வரும் குறிப்பு என்றால் 'கப்'. எழுதியவர் 240 மில்லி கப்பைச் சொல்கிறாரா, வீட்டு டம்ளரைச் சொல்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சம். 240 மில்லி கப் என்று வைத்துக்கொண்டால் பச்சரிசி, உளுந்து, சர்க்கரை மூன்றும் 200 கிராமை ஒட்டி வரும். இவற்றில் கப் பெரிதாக ஏமாற்றாது. மாவுதான் ஏமாற்றும். சலித்துத் தளர்வாகப் போட்ட கடலை மாவு ஒரு கப் 90 கிராம் இருந்தால், டப்பாவில் முகந்து தட்டியது 120 வரை போகும். எலுமிச்சை அளவு புளி 25 முதல் 30 கிராம். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம் பக்கம். கல் உப்பு அதே ஸ்பூனில் குறைவாகத்தான் நிற்கும், நிறுத்துப் போட்டால் இரண்டும் ஒன்றுபோலக் கரிக்கும்.

பிரெட்டில் இது எவ்வளவு பாதிக்கும் என்று பாருங்கள். 4 கப் மைதா, 325 மில்லி தண்ணீர் என்று ஒரு குறிப்பு. ஸ்பூனால் அள்ளிப் போட்டால் கப் 120 கிராம், மொத்தம் 480. தண்ணீர் மாவின் எடையில் 68 சதவீதம், மாவு கையில் ஒட்டும். கப்பையே டப்பாவில் விட்டு முகந்தால் 150 கிராம், மொத்தம் 600. தண்ணீர் 54 சதவீதம், கல் மாதிரி பிசைவீர்கள். குறிப்பு ஒன்றுதான். 500 கிராம் மைதா, 325 தண்ணீர், 10 உப்பு, 5 இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று நிறுத்துத் தொடங்கினால் மீதி எல்லாம் பிசைவதும் பொங்கவிடுவதும்தான்.

தராசு தன் விலையை முழுதாக மீட்டுத் தருவது அதிரசத்தில். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தோற்கும் பலகாரம் அது. 500 கிராம் மாவுப் பச்சரிசிக்கு 375 கிராம் பாகு வெல்லம் என்பது பாதுகாப்பான தொடக்கம். அரிசியை ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து உடனே நிறுங்கள், 650 கிராமை ஒட்டி இருக்கும். துணியில் விரித்து நிழலில் உலர்த்தும்போது எடை இறங்கும். 620, 630 பக்கம் வரும்போது அரிசி கையில் ஒட்டாது, ஆனால் ஈரம் தெரியும். அப்போது அரைத்துச் சலியுங்கள். "ஈரப்பதமாக இருக்கும்போது அரைக்கவும்" என்று எல்லாக் குறிப்பிலும் இருக்கிற வரிக்கு இப்போது ஒரு எண் கிடைத்துவிட்டது. அரிசி பழசா புதுசா என்பதைப் பொறுத்து அந்த எண் கொஞ்சம் நகரும், அதனால் அரைத்தபோது இருந்த எடையைக் கட்டாயம் எழுதிவையுங்கள்.

பாகிலும் இதே உபாயம் நடக்கும். காலிச் சட்டியின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வெல்லத்தை 100 கிராம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அதே சட்டியில் காய்ச்சுங்கள். சட்டியைக் கழித்து உள்ளே இருப்பது 430 கிராமுக்கு இறங்கும்போது பதம் பார்க்கத் தொடங்கலாம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும். பெரும்பாலும் 415, 420 பக்கம் அது வந்துவிடும். முடிவு செய்வது அந்த உருண்டைதான், எடை உங்களை நேரத்துக்கு அடுப்பருகே நிறுத்திவைக்கும். சூடான சட்டியை ஒருபோதும் தராசில் நேராக வைக்காதீர்கள். தட்டுக்கு அடியில் உள்ள உணர்கருவி சூடானால் எண் ஓடும், பிளாஸ்டிக் உருகும், கண்ணாடி விரிசல் விடும். ஒரு மரப்பலகையை வைத்து பூஜ்யமாக்கி, அதன் மேல் வைத்து எண்ணைப் பார்த்ததும் எடுத்துவிடுங்கள்.

மாவைப் பாகில் கொட்டிக் கிளறும்போதும் முழு மாவையும் ஒரேயடியாகப் போடாமல், ஒரு பிடி மீதம் வைத்து, மீந்ததை நிறுத்து எழுதுங்கள். மறுநாள் தட்டி எண்ணெயில் போடும்போது பிரிந்து கரைந்தால் பாகு இளசு அல்லது வெல்லம் அதிகம். அந்த மீதி மாவைச் சேர்த்துப் பிசைந்தால் அந்தத் தடவையே காப்பாற்றலாம். உடையாமல் வந்து கடிக்கக் கடினமாக இருந்தால் பாகு முற்றிவிட்டது அல்லது மாவு உலர்ந்துவிட்டது. எது என்று சொல்ல உங்கள் நோட்டில் இப்போது இரண்டு எண்கள் இருக்கின்றன. அரிசி 600-க்குக் கீழே போனபின் அரைத்திருந்தால் மாவின் குற்றம், பாகு 400-ஐத் தொட்டிருந்தால் பாகின் குற்றம்.

மைசூர்பாகு இவ்வளவு சிரமம் தராது. சலித்த கடலை மாவு 100, சர்க்கரை 200, நெய் 200 என்று நிறுத்து வைத்துக்கொண்டு சர்க்கரைப் பாகு விரல்களுக்கிடையே ஒரே இழையாக நீளும் ஒற்றைக் கம்பிப் பதத்தில் மாவைத் தூவிக் கிளறினால், மிச்சம் இருப்பது காய்ந்த நெய்யை விட்டு விட்டுக் கிளறும் கைவேலை மட்டும்.

குழம்புக்கும் ரசத்துக்கும் தராசு எடுக்க வேண்டாம். நாக்கும் கைப்பிடியும் அங்கே போதும், கொதிக்கும்போதே திருத்திக்கொள்ளலாம். பொடி வகை வேறு. ஒரு தடவை இடித்த ரசப்பொடி நன்றாக அமைந்து, அடுத்த மாதம் அதே ருசி வேண்டும் என்றால், மிளகும் மல்லியும் துவரம்பருப்பும் எத்தனை கிராம் என்று எழுதியிருக்க வேண்டும். காய்கறிக்கு மட்டும் எடைக்குப் பக்கத்தில் ஒரு சொல் சேருங்கள், "உரித்தபின்" அல்லது "உரிக்காமல்". 250 கிராம் சின்ன வெங்காயம் என்று எழுதிவிட்டு எது என்று மறந்தால் அந்தக் குறிப்பு பாதிதான் உதவும்.

இரண்டு மூன்று நிமிஷம் தொடாமல் இருந்தால் தராசு தானாக அணைந்து, பூஜ்யமாக்கி வைத்த கணக்கு போய்விடும். ஆகவே ஒவ்வொரு கிண்ணத்தின் காலி எடையையும் மார்க்கர் பேனாவால் அடியில் எழுதிவிடுங்கள். நடுவில் அணைந்தாலும் மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு விட்ட இடத்தில் தொடரலாம்.