நேரடிப் பட்டமா, நர்சிங் வழியா, இரட்டைப் பட்டமா? மிட்வைஃப் படிப்பில் எந்தப் பாதை யாருக்கு

கர்ப்பம் முதல் பிரசவத்துக்குப் பிறகு வரை தாயையும் குழந்தையையும் கவனிக்கப் பயிற்சி பெற்றவர்தான் மிட்வைஃப்; அவரது துறை மிட்வைஃபரி. மிட்வைஃபாக விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது படிப்பு எத்தனை வருடம் என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்வது சுலபம். பள்ளி முடித்த கையோடு சேரும் நேரடிப் பட்டம் 3 முதல் 4 வருடம். நர்சிங் முடித்துவிட்டு வந்தால் அதற்கு மேல் ஒன்றரை வருடமோ 2 வருடமோ ஆகும். இரண்டையும் கலந்து தரும் இரட்டைப் பட்டம் சுமார் 4 வருடம். சர்வதேச மிட்வைஃப்கள் கூட்டமைப்பு வகுத்திருக்கும் அளவுகோலும் இதை ஒட்டியதுதான்: நேரடி வழிக்குக் குறைந்தது 3 வருடம், ஏற்கெனவே நர்சாக இருப்பவருக்குக் குறைந்தது 18 மாதம்.

ஆனால் காலண்டரைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுத்தால் பாதி விஷயம் கண்ணில் படாமல் போய்விடும். மூன்றுக்கும் உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கர்ப்பிணி ஒருவர் எதிரில் வந்து உட்காரும்போது உங்கள் கண் முதலில் எதைத் தேடும்? பட்டம் வாங்கும் நாளில் உங்கள் கை எத்தனை பிரசவம் பார்த்திருக்கும்? வேறு நாட்டுக்குப் போனால் அந்தப் பட்டம் செல்லுமா? அலச வேண்டியது இவற்றைத்தான்.

நேரடிப் பட்டம்

பிரிட்டன், நெதர்லாந்து, டென்மார்க், நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் இதுவே பிரதான வழி. நர்சிங் பக்கம் போகாமலே மிட்வைஃப் ஆகிவிடலாம். பிரிட்டனில் 3 வருடம், 4,600 மணி நேரம். வகுப்புக்குப் பாதி, வார்டுக்குப் பாதி. டென்மார்க்கில் மூன்றரை வருடம், நெதர்லாந்தில் 4 வருடம். நியூசிலாந்து தனி ரகம். அங்கே 1990-இல் சட்டத்தைத் திருத்தி, டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் மிட்வைஃப் தன் பொறுப்பில் பிரசவம் பார்க்க வழி செய்தார்கள். 1992-இல் நேரடிப் படிப்பைத் தொடங்கினார்கள். 4 வருடப் பாடத்தைச் சில இடங்களில் 3 நீண்ட வருடங்களுக்குள் அடக்குகிறார்கள். மற்ற துறை மாணவர்கள் விடுமுறைக்குக் கிளம்பும்போது இவர்கள் பிரசவம் நடக்கும் லேபர் வார்டில் நின்றுகொண்டிருப்பார்கள்.

இந்த வழியின் பெரிய பலம், இயல்பான பிரசவம்தான் முதல் பாடம் என்பது. ஆரம்ப வாரங்களிலிருந்தே இடுப்பெலும்பின் அமைப்பு, வயிற்றைத் தொட்டுக் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது, தலை எப்படித் திரும்பி இறங்குகிறது என்பதெல்லாம் வந்துவிடும். வலியில் இருக்கும் பெண்ணிடம் எப்போது பேசுவது, எப்போது வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருவது என்பதும் சேர்ந்தே வரும். சரியாக நடக்கும் பிரசவத்தில் ஊறியவருக்குத்தான் அது தடம் மாறும்போது சட்டென்று உறுத்தும். இதை நான் முழுக்க நம்புகிறேன்.

பலவீனம் இரண்டு. ஒன்று, இந்தப் பட்டத்தோடு நர்சாகப் பதிவு செய்ய முடியாது. இரண்டாம் வருடத்தில் ‘ராத்திரி டியூட்டியும் ரத்தமும் எனக்கு ஒத்துவராது’ என்று தெரிந்தால் பக்கத்துக் கதவு கிடையாது. முதலிலிருந்து வேறு படிப்புதான். இன்னொன்று, இன்றைய கர்ப்பிணிகளில் பலர் சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், தைராய்டு, முந்தைய சிசேரியன் என்று ஏதாவது ஒன்றோடு வருகிறார்கள். நேரடிப் பட்டத்தில் பொது வார்டுப் பழக்கம் சில வாரங்களுக்கு மேல் கிடைப்பதில்லை. இந்த இரண்டாவது குறையைச் சிலர் ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்பது என் கணிப்பு. நோயுள்ள தாயை மிட்வைஃப் தனியாகப் பார்ப்பதில்லை. மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து நிபுணர் என்று குழுவே பார்க்கிறது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரே நேரத்தில் மக்னீசியம் சல்ஃபேட், இன்சுலின், ஆக்சிடோசின் என்று மூன்று டிரிப் ஓடும் தாயைக் கவனிக்கும்போது நேரடிப் பட்டதாரிக்குக் கொஞ்சம் வியர்க்கும். அதை மறைப்பதற்கில்லை.

நர்சிங் வழி

ஸ்வீடனில் இது மட்டும்தான் வழி: 3 வருட நர்சிங், அதன் பிறகு 18 மாத மிட்வைஃபரி. நார்வேயில் நர்சிங்குக்குப் பிறகு 2 வருடம். அமெரிக்காவில் ‘நர்ஸ் மிட்வைஃப்’ ஆக நர்சிங் பதிவோடு முதுகலைப் பட்டமும் வேண்டும். இந்தியா 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நர்சிங் முடித்துப் பதிவு செய்தவர்களுக்கு 18 மாதப் பயிற்சி என்ற இதே அச்சில்தான் இருக்கிறது.

நர்சாக இருந்துவிட்டு வருகிறவருக்கு மருந்துக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. ஊசி, கதீட்டர், டிரிப் எதற்கும் கை நடுங்காது. காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்பும் சேர்ந்து வந்தால் ‘இது செப்சிஸாக, அதாவது தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் நிலையாக, இருக்குமோ’ என்று முதலில் சந்தேகப்படுவது இவர்கள்தான். நடுவில் சம்பாதித்துக்கொண்டு, சேமித்துக்கொண்டு வரலாம் என்பதும் சின்ன விஷயம் இல்லை.

சிக்கல் மனப்பழக்கத்தில் இருக்கிறது. நர்சிங் கற்றுத்தருவது நோயாளியைக் கவனிக்க; வலி என்றால் குறைக்க வேண்டும், படுக்கையில் இருப்பவருக்கு நாம் செய்துகொடுக்க வேண்டும். பிரசவ அறையில் வலிதான் வேலையை நடத்துகிறது. அந்தப் பெண்ணைப் படுக்கவிடாமல் நடக்க வைப்பது, தேவையில்லாமல் கை வைக்காமல் காத்திருப்பது இரண்டும் அங்கே திறமை. பழைய பழக்கத்தைக் கழற்றுவதற்கே சிலருக்கு ஆறு மாதம் போய்விடுகிறது, 18 மாதப் படிப்பில் அது மூன்றில் ஒரு பங்கு. இதோடு ‘முதலில் நர்சிங் முடிப்போம், அப்புறம் மிட்வைஃபரி’ என்று திட்டம் போட்ட பலர் திரும்பி வருவதே இல்லை. வேலை, கல்யாணம், கடன், ஐசியூவில் கிடைத்த நல்ல பதவி என்று வாழ்க்கை வேறு பக்கம் இழுத்துவிடுகிறது. அது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் திட்டம் போடும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டைப் பட்டம்

ஆஸ்திரேலியாவில் பரவலாக இருப்பது: 4 வருடம், முடிவில் நர்ஸ், மிட்வைஃப் என இரண்டு பதிவுகள். பிரசவ எண்ணிக்கை குறைந்த சின்ன ஊர் மருத்துவமனைகளுக்கு இவர்களை ரொம்பப் பிடிக்கும். பிரசவம் இல்லாத நாளில் பொது வார்டையும் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டு துறைகளின் வார்டுப் பயிற்சியும் ஒரே தலையில் விழும். ஒரு மாதம் முதியோர் வார்டு, அடுத்த மாதம் லேபர் வார்டு, நடுவில் மனநலப் பிரிவு என்று ஓடும்போது, லேபர் வார்டில் கை பழகி வரும் நேரத்தில் கூப்பிட்டு வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எதையும் கைவிட மனமில்லாதவருக்கு ஏற்ற படிப்பு. பிரசவம் ஒன்றே போதும் என்பவருக்கு இது சுற்றுவழி.

பிரசவக் கணக்கு

எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் முட்டும் இடம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் வருட நெறிமுறை மாணவர் செய்ய வேண்டியதைப் பட்டியலிடுகிறது. 100 கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவித்த தாய்மாரும் குழந்தைகளுமாக 100 பேரின் கவனிப்பு, சிக்கல் அபாயம் உள்ள 40 பெண்களின் பராமரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் கையால் 40 பிரசவம். போதிய பிரசவம் இல்லாத இடத்தில் 30 ஆகக் குறைக்கலாம், ஆனால் கூடுதலாக 20 பிரசவங்களில் உதவியிருக்க வேண்டும். இடுப்பு முதலில் வரும் குழந்தையின் பிரசவம் நேரில் வாய்க்காவிட்டால் பொம்மையை வைத்துப் பழகினால் போதும் என்ற விலக்கும் உண்டு. அந்த மாதிரிப் பிரசவம் பெரும்பாலும் சிசேரியனாகிவிடும் காலம் இது. விலக்கு இல்லையென்றால் பாதிப் பேருக்குப் பட்டம் கிடைக்காது.

40 என்பது கேட்க சின்ன எண். வார்டில் நின்று பார்த்தால்தான் கனம் தெரியும். 10 மணி நேரம் ஒரு பெண்ணோடு இருந்து, முதுகைத் தேய்த்துவிட்டு, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கேட்டு எழுதிவைத்து, கடைசி அரை மணி நேரத்தில் அது சிசேரியனாகவோ, கருவியால் குழந்தையை உறிஞ்சி இழுக்கும் வேக்யூமாகவோ மாறிவிட்டால் பொதுவாக அது உங்கள் கணக்கில் சேராது. சிசேரியன் விகிதம் ஏற ஏற மாணவர் கைக்குக் கிடைக்கும் பிரசவம் குறைகிறது. அதே அறைக்கு மருத்துவ மாணவர்களும் வந்து நிற்பார்கள். அதனால்தான் 3 வருடப் பாதை இங்கே லாபம்: எண்ணிக்கையைத் துரத்த மூன்று வருடமும் இருக்கிறது. 18 மாதப் பாதையில் கடைசி இரண்டு மாதம் எண்ணிக்கைக்காக ஷிஃப்ட் மேல் ஷிஃப்ட் கேட்டு வாங்கும் நிலை வரும்.

இன்னொரு விதமான கணக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மாணவர் 10 பெண்களைக் கர்ப்பம் முதல் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் வரை தானே தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். அவர்களில் யாருக்கு எப்போது வலி எடுத்தாலும் போன் வரும். வகுப்போ தூக்கமோ போக வேண்டியதுதான். பகுதிநேர வேலை பார்த்துப் படிக்க நினைப்பவருக்கு இது பெரிய தலைவலி. ஆனாலும் ஒரு பெண்ணின் கர்ப்பத்தை முழுசாகக் கூட இருந்து பார்ப்பது, நாற்பது பேரின் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் பார்ப்பதைவிட அதிகம் கற்றுத்தரும். இரண்டு படிப்புகள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் இந்தத் தொடர் கவனிப்பு இருக்கும் படிப்பையே எடுக்கச் சொல்வேன்.

நர்சிங் வழியாகப் போகாமல் தனி ரகமாக இருக்கும் இரண்டு நாடுகளையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் 2020 முதல் மிட்வைஃபரி பட்டப்படிப்பாகிவிட்டது. படிக்கும் காலம் முழுக்க மாணவருக்குச் சம்பளம் உண்டு. பிரான்ஸில் மிட்வைஃபரிக்கு வருகிறவர் முதல் வருடத்தில் டாக்டர், பல் டாக்டர் ஆக நினைப்பவர்களோடு போட்டி போட்டுத் தேறி, அதன் பிறகு 4 வருடம் படிக்க வேண்டும். 2023-இல் வந்த சட்டம் இதை 6 வருடமாக்குகிறது. ஒரே வேலைக்கு இவ்வளவு வித்தியாசமான பாதை இருப்பது ஆச்சரியம்தான்.

எல்லை தாண்டினால்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நேரடி வழியில் வந்தவரும் நர்சிங் வழியில் வந்தவரும் சமம். பட்டம் தானாக ஏற்கப்படும். பலர் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. நர்சிங்குக்குப் பிறகு 2 வருடம், 3,600 மணி நேரம் படித்தவருக்கு நிபந்தனை இல்லை. 18 மாதம், 3,000 மணி நேரம் மட்டும் படித்தவர் அதன் பிறகு ஒரு வருடம் வேலை பார்த்த சான்றும் காட்ட வேண்டும். அமெரிக்காவில் நேரடிப் பட்டதாரியின் நிலை பாவம்: நர்சிங் பதிவு இல்லாமல் நர்ஸ் மிட்வைஃப் ஆக முடியாது, மற்ற வகை மிட்வைஃப்களுக்கான உரிமமோ சில மாநிலங்களில் கிடையவே கிடையாது. நாடு விட்டு நாடு போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் நர்சிங் வழியோ இரட்டைப் பட்டமோதான் புத்திசாலித்தனம்.

வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: 2021-இல் வெளியான உலக மிட்வைஃப் நிலை அறிக்கை உலகம் முழுவதும் 9 லட்சம் மிட்வைஃப்கள் குறைவு என்றது. ஆனால் தேவை இருப்பது ஒன்று, அந்த இடங்களுக்குச் சம்பளம் ஒதுக்கியிருப்பது வேறொன்று.

என் தீர்ப்பு இது. பள்ளி முடித்த வயதில் ‘பிரசவம்தான்’ என்று தெளிவாக இருப்பவர், அந்த நாட்டிலேயே வேலை பார்க்கப் போகிறவர் என்றால், நேரடிப் பட்டம். மனதில் சிறு சந்தேகம் இருந்தாலும், வெளிநாட்டு எண்ணம் இருந்தாலும், நர்சிங் வழி. சின்ன ஊரில்தான் வாழப்போகிறேன் என்பவருக்கு இரட்டைப் பட்டம். ஏற்கெனவே நர்சாக இருப்பவர் திரும்ப 3 வருடம் உட்கார வேண்டியதில்லை. ஆனால் 18 மாதத்துக்கும் 2 வருடத்துக்கும் இடையே வாய்ப்பு இருந்தால் 2 வருடத்தையே எடுக்கட்டும்.

பல்கலைக்கழகத்தை நேரில் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் பொம்மை வைத்த ஆய்வகத்தையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, கடைசி வருட மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடியுங்கள். போன வருட மாணவர்கள் பிரசவக் கணக்கைக் குறித்த நேரத்தில் முடித்தார்களா, முடிக்காதவர்களுக்கு எத்தனை மாதம் நீட்டித்தார்கள் என்று கேளுங்கள். வார்டில் ஒரு மிட்வைஃபுக்கு எத்தனை மாணவர்? பயிற்சி மருத்துவமனை எவ்வளவு தூரம், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து திரும்ப பஸ் இருக்கிறதா? அந்தச் செலவு யார் தலையில்?