கிராமத் தீயணைப்பு நிலையத்தில் மாதக் கட்டண டிஜிட்டல் ரேடியோ: சில வருட அனுபவம்

அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில், சுற்றிலும் சோளமும் சோயாவும் விளைகிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பிழைப்புக்குக் கம்ப்யூட்டர் வேலை, அது போக ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வாலண்டியர். இந்த நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேர் இப்படி வாலண்டியராக வருபவர்கள்தான். கிராமங்களில் பல நிலையங்கள் முழுக்கவே அப்படி ஓடுகின்றன. எங்கள் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் ஆபீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு என்று எல்லாரும் சொந்த விஎச்எஃப் ரேடியோவை (150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிற பழைய வகை) விட்டுவிட்டு, ஒரு தனியார் கம்பெனி டவர் போட்டு நடத்துகிற டிஜிட்டல் நெட்வொர்க்குக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. ரேடியோவை நாம் வாங்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு ரேடியோவுக்கும் மாதாமாதம் கட்டணம். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிற ஊர்கள் நிறைய இருக்கின்றன, அங்கெல்லாம் நம் ஆட்கள் வாலண்டியராகச் சேரத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

மாறியதற்குக் காரணம் இருந்தது. 2013 ஜனவரி 1-க்குள் விஎச்எஃப், அதைவிட உயர்ந்த அலைவரிசையான யுஎச்எஃப் சேனல்களின் அகலத்தை 25 கிலோஹெர்ட்ஸில் இருந்து 12.5-ஆகக் குறைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி சொன்னது. அனலாகிலேயே (குரலை எண்களாக்காமல் அப்படியே அலையாக அனுப்புகிற பழைய முறை) தொடரலாம், தடை இல்லை; ஆனால் பேசும் தூரம் கொஞ்சம் குறைந்தது, சிக்னலை வாங்கி வலுவாக்கி மறுபடி அனுப்புகிற பழைய ரிப்பீட்டர்களும் தள்ளாட ஆரம்பித்தன. எங்களுக்கு இருந்தது தண்ணீர் டேங்க் மேலே ஒரே ஒரு ரிப்பீட்டர். ஆம்புலன்ஸ் பக்கத்துக் கவுண்டி மருத்துவமனைக்கு நோயாளியை ஏற்றிக்கொண்டு போனால் பாதி வழியில் வெறும் இரைச்சல்தான் கேட்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் உதவிக்கு வந்தால் அவர்கள் சேனல் வேறு, நம் சேனல் வேறு.

இந்த இரண்டு தொல்லையும் போயே போய்விட்டன, அதை மனதாரச் சொல்கிறேன். ஹைவேயில் எவ்வளவு தூரம் போனாலும் வண்டி ரேடியோ ஒரு டவரில் இருந்து அடுத்த டவருக்குத் தானே மாறிக்கொள்கிறது, டிஸ்பாட்ச் (வண்டிகளை அனுப்புகிற கட்டுப்பாட்டு அறை) குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாக இருக்கிறது. பெரிய தீவிபத்தில் மூன்று நான்கு ஊர் வண்டிகள் ஒரே டாக்குரூப்பில், அதாவது பொதுப் பேச்சு சேனலில், சேர்ந்துவிடலாம். ரேடியோவின் மேலே இருக்கிற ஆரஞ்சு பட்டனை அழுத்தினால் எந்த ரேடியோ என்பது டிஸ்பாட்ச் திரையில் உடனே வந்துவிடும். ராத்திரி ஆளில்லாத ரோட்டில் தனியாக ஒரு காரை நிறுத்திச் சோதிக்கிற ஷெரிஃப் டெபுடிக்கு இந்த ஒன்றே போதும் என்பேன்.

ஆனால் கவரேஜ் விஷயத்தில் ஏமாறாதீர்கள். விற்பனைக்கு வருபவர்கள் காட்டுகிற வரைபடத்தில் கவுண்டி முழுக்கப் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சை பெரும்பாலும் வண்டி ரேடியோவுக்கானது, அதாவது கூரையில் ஆன்டெனாவும் கையடக்க ரேடியோவைப் போலப் பல மடங்கு சக்தியும் உள்ளது. நாங்கள் வண்டியில் உட்கார்ந்தா தீயை அணைக்கிறோம்? கையடக்க ரேடியோவை இடுப்பிலோ கோட்டுப் பையிலோ வைத்துக்கொண்டு, உடம்பே சிக்னலை மறைக்க, ஒரு கட்டடத்துக்குள் போகிறோம். இந்த நெட்வொர்க் ஓடுவது 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பழைய 150 மெகாஹெர்ட்ஸ் மேடு பள்ளத்தையும் மரக்கூட்டத்தையும் எப்படியோ சுற்றி வந்து சேரும், இது அந்த அளவு வராது. ஓடைக்கரைப் பள்ளத்தில் இறங்கினால் சிக்னல் போய்விடும். டிராக்டர் நிறுத்துகிற தகரக் கொட்டகை, தானியக் குதிர், பள்ளிக்கூடத்தின் அடித்தளம் எல்லாம் அதே கதை.

போகிற விதமும் வேறு. அனலாகில் சிக்னல் மங்க மங்க இரைச்சல் ஏறும், ஆனாலும் காதைத் தீட்டிக் கேட்டால் பாதி வார்த்தையாவது பிடிபடும், “இங்கே சரியாக எடுக்கவில்லை” என்று இரண்டடி வெளியே வரத் தோன்றும். டிஜிட்டலில் கடைசி வரை நன்றாக இருந்துவிட்டுச் சட்டென்று ஒன்றுமே இருக்காது. பட்டனை அழுத்தினால் டவர் கிடைத்ததற்கான பீப் வராமல் ஒரு கட்டைக் குரல் சத்தம் வரும், அவ்வளவுதான். புகை நிறைந்த கொட்டகைக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டால் வயிறு கலங்கும். கேப்டனுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது, அவர் “எல்லாரும் வெளியே வாருங்கள்” என்று கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது.

இன்னொன்று சத்தம். இந்த பி25 (காவல், தீயணைப்பு போன்ற சேவைகளுக்கான ரேடியோ தரம்) டிஜிட்டல் ரேடியோ மனிதக் குரலைப் பிரித்து எண்களாக்கி அனுப்பி அந்தப் பக்கம் மறுபடி குரலாகக் கட்டுகிறது. குரலோடு மரம் அறுக்கும் செயின்சா, பம்ப் இரைச்சல், காற்று சிலிண்டர் தீரப்போகிறது என்கிற மணி எல்லாம் கலந்தால் அதற்குக் குழப்பம் வந்து, மறுமுனையில் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போலக் கொழகொழவென்று வரும். இது எங்கள் ஊர்ப் புலம்பல் மட்டும் இல்லை. தீயணைப்புத் தலைவர்களின் சங்கமே கவலைப்பட்டு, 2008-ல் அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆய்வகம் ஆட்களை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லிச் சோதித்தது. சில இரைச்சல்களில் அனலாக் தெளிவாகவே முந்தியது. அதன் பிறகு வந்த கருவிகளில் இரைச்சலைக் குறைக்கிற வசதி நன்றாக முன்னேறியிருக்கிறது, இப்போதுள்ள எங்கள் செட்டுகள் முதலில் வந்தவற்றை விட எவ்வளவோ தேவலை. என்றாலும் முகமூடி போட்டுக்கொண்டு பேசுவதைத் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது: பட்டனை அழுத்து, பீப் வரும் வரை பொறு, மைக்கை முகமூடியின் குரல் வரும் இடத்துக்கு அருகே பிடி, கத்தாமல் பேசு. பீப்புக்கு முன்னால் பேசினால் முதல் வார்த்தை போய்விடும். “உள்ளே போகாதே” என்பதில் எந்த வார்த்தையும் போகக் கூடாது.

இதனால்தான் தீப்பிடித்த இடத்தில் நெட்வொர்க்கை நம்புவதில்லை என்று எங்கள் நிலையத்தில் முடிவெடுத்தோம். டிஸ்பாட்சோடு பேசவும் மற்ற ஊர்களைக் கூப்பிடவும் டிஜிட்டல். கட்டடத்துக்குள் போகிறவர்களும் வெளியே நிற்கிற கேப்டனும் பேசிக்கொள்ள டவரே தேவைப்படாத, ரேடியோவுக்கு ரேடியோ நேராகப் போகிற அனலாக் சேனல். சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது அடியில் இருக்கிறவரிடம் பேச, சில மைல் தள்ளியிருக்கும் டவர் வரை போய் வர வேண்டிய அவசியம் இல்லை. மாறிய புதிதில் “ஒரே ரேடியோ, எல்லாவற்றுக்கும்” என்று சொல்லப்பட்டதை அப்படியே ஏற்றுக்கொண்ட ஊர்களும் இப்போது ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்புவதைப் பார்க்கிறேன்.

பேஜரை யாரும் யோசிப்பதே இல்லை! வாலண்டியர் நிலையத்தில் ராத்திரி ஆள் இருக்க மாட்டார்கள், அவரவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்போம், பேஜர் அலறினால்தான் எழுந்து ஓடுவோம். பழைய விஎச்எஃப் பேஜர் சில நூறு டாலர். கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜரில் இருக்கும். புதிய நெட்வொர்க்கில் கேட்கிற பேஜர் அதைவிட நிறைய விலை, கையடக்க ரேடியோ என்றால் பல ஆயிரம் டாலர், எல்லா வாலண்டியருக்கும் ஒன்று என்று யாரால் வாங்க முடியும்? போன் ஆப் துணைக்கு நல்லதுதான், அதையே நம்பினால் சிக்னல் இல்லாத பண்ணை வீட்டில் இருப்பவர் வரமாட்டார். கடைசியில் அந்தப் பழைய ரிப்பீட்டரையே சரிசெய்து, பேஜருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

அது இன்னொரு விதத்திலும் கைகொடுத்தது. ஒரு குளிர்காலத்தில் பனிமழை பெய்து கம்பிகள் எல்லாம் அறுந்து விழுந்தபோது, எங்கள் பக்கத்து டவருக்கு மைய நெட்வொர்க்கோடு இருந்த தொடர்பு போய்விட்டது. டவர் செத்துவிடவில்லை, தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே இருக்கிறவர்கள் தங்களுக்குள் பேசலாம், டிஸ்பாட்சுக்கு எட்டாது. கருவிகள் அப்படி நடந்துகொள்ளத்தான் வடிவமைக்கப்பட்டவை, அதில் தப்பில்லை. எங்களுக்கு அதைப் பற்றி யாரும் பயிற்சி தரவில்லை என்பதுதான் கோபம். அந்த இரவு முழுக்க பேஜர் ரிப்பீட்டரில்தான் வேலை நடந்தது.

பணம். ரேடியோ வாங்க மத்திய அரசின் தீயணைப்பு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம், மாதக் கட்டணம் வருடா வருடம் நம் பையில் இருந்துதான் போகும். மீன் வறுத்து விற்றும் பான்கேக் காலை உணவு போட்டும் பணம் திரட்டுகிற நிலையங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. மேலும் எல்லாரும் மாறியபின் திரும்பிப் போக வழியில்லை என்பது விற்கிறவருக்கும் தெரியும். பிரிட்டனைப் பாருங்கள்: அங்கே காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் நம்பியிருக்கிற ஏர்வேவ் நெட்வொர்க்கை 2016-ல் மோட்டரோலா சொல்யூஷன்ஸ் வாங்கியது. அதற்குப் பதிலாக வரவேண்டிய புதிய நெட்வொர்க் வருடக்கணக்கில் தள்ளிப்போக, ஏர்வேவுக்கு மாற்று இல்லாமல் போனது, 2023-ல் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு விலைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று. ஒரு நாட்டுக்கே அப்படி என்றால் ஒரு கவுண்டி என்ன பேரம் பேச முடியும்? அதனால் கட்டண உயர்வுக்கு வரம்பு முதல் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

மறுபடி முடிவெடுக்கச் சொன்னால் நான் மாறுவதற்குத்தான் கை தூக்குவேன், ஆம்புலன்ஸ் ஆட்களைக் கேட்டால் இன்னும் உரக்கச் சொல்வார்கள். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் கவரேஜை வரைபடத்தில் பார்க்காமல் நேரில் சோதிக்கச் சொல்லுங்கள்: கையடக்க ரேடியோவை இடுப்பில் மாட்டிக்கொண்டு உங்கள் ஊர்ப் பள்ளி, முதியோர் இல்லம், பெரிய பண்ணைக் கொட்டகைகளுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்க்க வேண்டும். அப்புறம், உங்கள் பழைய விஎச்எஃப் உரிமத்தைத் தயவுசெய்து கைவிடாதீர்கள். 10 வருடத்துக்கு ஒருமுறை எஃப்சிசியில் புதுப்பித்து, சேனலை உபயோகத்திலும் வைத்திருக்க வேண்டும். காலாவதியாக விட்டால் அந்த அலைவரிசை வேறு யாருக்காவது போய்விடும், பிறகு கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது.