ஒரே சந்தாவில் அரை நூற்றாண்டு மல்யுத்தம்

நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங்கின் வீடியோ சேவை 2014 டிசம்பரில் மாதம் 999 யென்னுக்குத் தொடங்கியது. புதுப் போட்டிகளுக்காகத்தான் பலரும் சேர்வார்கள், ஆனால் என்னைக் கேட்டால் காசு பழைய போட்டிகளுக்குத்தான்.

1972-ல் மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகி தொடங்கிய கம்பெனி இது. முதல் நிகழ்ச்சியிலேயே முதலாளி கார்ல் காட்ச்சிடம் தோற்றார், அதுவே ஒரு தினுசான தொடக்கம் இல்லையா! 1983 ஐடபிள்யூஜிபி தொடரின் இறுதிப் போட்டியைப் பாருங்கள்: ஹல்க் ஹோகன் அடித்த அடியில் இனோகி நாக்கு வெளியே தள்ளி மயங்கிக் கிடக்கிறார், ஜெயிக்க வேண்டிய நாயகன் அவர்.

ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால் 1995 அக்டோபர் 9, டோக்கியோ டோம். நிஜச் சண்டை போல உதைத்து விளையாடும் யுடபிள்யூஎஃப் இன்டர்நேஷனல் என்ற எதிர்க் கம்பெனியின் தகாடாவை, நியூ ஜப்பானின் கெய்ஜி முட்டோ காலைப் பிடித்துத் திருகித் திருகி, கடைசியில் நான்கு எண் வடிவில் கால்களைப் பின்னும் அரதப் பழசான பிடியில் சரணடைய வைக்கிறார். அந்த ஒரு பிடியில் அந்தக் கம்பெனியின் மானமே போனது, அரங்கம் அலறுகிறது பாருங்கள், அப்பப்பா.

2000-களின் நடுப்பகுதியை நான் தள்ளிவிட்டுத்தான் பார்த்தேன், கலப்புச் சண்டை (எம்எம்ஏ) மோகத்தில் இனோகி குழப்பிய காலம் அது. 2012-ல் சீட்டு விளையாட்டுக் கம்பெனியான புஷிரோட் இதை வாங்கியது, அந்த ஆண்டு பிப்ரவரியில் இளம் வீரர் ஒகாடா, சாம்பியன் தனஹாஷியைக் கவிழ்த்தார். சரி, அங்கிருந்து மறுபடி உட்காரலாம்.

ஜப்பானிய வர்ணனை புரியாவிட்டாலும் கவலை வேண்டாம், கத்தலே போதும்.