கொழுக்கட்டைப் புல் விதை வாங்கப் போகிறீர்களா? "உறக்கத்துல இருக்கு" என்று சொல்லிப் பதரை விற்கிறார்கள்

சாயல்குடி, கடலாடி, ஏர்வாடி, திருப்புல்லாணி பக்கம் ஆடு வைத்திருப்பவர்களும், தரிசில் மேய்ச்சல் புல் விதைக்க நினைப்பவர்களும் இதை முழுதாகப் படியுங்கள். புரட்டாசி பிறந்ததும் வேன் வண்டியில் ஊர் ஊராக வந்து, "நாட்டுக் கொழுக்கட்டைப் புல் விதை" என்று சாக்குகளை இறக்கிவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஆடு வளர்ப்போர் குழுவுக்கும் அப்படித்தான் வந்தது. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டு. சாக்கில் ஒட்டியிருந்த தாளில் "முளைப்புத் திறன் 90 சதவீதம்" என்று பெரிதாக அச்சு. குவியல் எண் (எந்தத் தொகுதி விதை என்று காட்டும் எண்) இல்லை, பரிசோதனைத் தேதி இல்லை. ஐப்பசியில் மழை குறை வைக்கவில்லை. நிலத்தில் கோரை வந்தது, வேலிக்கருவை வந்தது, கொழுக்கட்டைப் புல்லை மட்டும் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. போன் போட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "அண்ணே, நாட்டு விதை உறக்கத்துல இருக்கும்ணே. அடுத்த மழைக்குத் தானா வந்துரும்."

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கொழுக்கட்டைப் புல் விதைக்கு உறக்கம் உண்டு. புதிதாக அறுத்த விதை ஆறிலிருந்து எட்டு மாதம் வரை சரியாக முளைக்காது. இது விதையின் குறை இல்லை, வறண்ட நிலத்துப் புல்லுக்கு இருக்கிற பாதுகாப்பு. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்து நின்றதும் எல்லா விதையும் முளைத்துவிட்டால், அடுத்த வாரத்து வெயிலில் மொத்தமும் கருகிப் போகும். ஆனால் உறங்கும் விதை வேறு, செத்த விதை வேறு, உள்ளே அரிசியே, அதாவது விதைமணியே, பிடிக்காத பதர் வேறு. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். வியாபாரி ஒளிந்துகொள்வது அந்த இடத்தில்தான்.

முதலில் என்ன வாங்குகிறோம் என்பதைப் பாருங்கள். சாக்கில் இருப்பது தனி விதை இல்லை. சுணை, அதாவது மெல்லிய மயிர், சூழ்ந்த சிறு கொத்து. ஒரு கொத்துக்குள் உமி மூடிய சிறுகதிர்கள் ஒன்று முதல் நான்கு வரை இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு அரிசி இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். கொத்தைக் கறுப்புத் துணியில் வைத்து, சுணையைக் கட்டைவிரல் நகத்தால் தள்ளிவிட்டு, உமியை மெல்ல நசுக்கிப் பாருங்கள். நல்ல கொத்தில் வெளிர் பழுப்பில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் அரிசி உருண்டு வெளியே வரும். நகம் வைத்து அழுத்தினால் எதிர்த்து நிற்கும். பிளேடால் நறுக்கினால் உள்ளே வெள்ளை மாவு தெரியும். பதராக இருந்தால் உமி தட்டையாகி அதோடு முடிந்துவிடும். நறுக்கிய இடம் கறுத்திருந்தாலோ, பொடியாக உதிர்ந்தாலோ அது செத்த அரிசி.

எங்களுக்கு வந்த சாக்கிலிருந்து 100 கொத்துகளை இப்படிப் பிரித்ததில் அரிசி இருந்தது 11 கொத்துகளில். சல்லடையில் போட்டதும் அடியில் மணல் தனியாக இறங்கியது. எடைக்கு மணல், மீதிக்குச் சுணை.

பதர் ஏன் இவ்வளவு சேர்கிறது? கொழுக்கட்டைக் கதிர் ஒரே நாளில் முற்றாது. மேல் கொத்து முற்றி உதிரும்போது பக்கத்துத் தூரில் இன்னொரு கதிர் அப்போதுதான் பூத்துக்கொண்டிருக்கும். முறையாகச் சேகரிப்பவர்கள் முற்றிய கதிரை மட்டும் கையால் உருவி எடுத்து, சில நாள் விட்டு மறுபடி வருவார்கள். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க ஒரே அறுப்பாக அரிவாள் போட்டு, பச்சையோடு கூட்டிக் குவித்தால் பாதிக்கு மேல் பால் பிடிக்காத கொத்துதான் கிடைக்கும். ஈரக் குவியல் உள்ளே சூடேறும். இருந்த கொஞ்ச அரிசியின் கருவும் அந்தச் சூட்டில் போய்விடும். அதன்பிறகு கடற்கரை ஊர்களில் தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் சாக்கில் அடுக்கி வைப்பது. உப்புக்காற்றின் ஈரமும் தகரச் சூடும் சேர்ந்தால் எந்த விதையும் நாள்பட நிற்காது. ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில், நிழலில் வைத்திருந்தால் மட்டுமே அடுத்த ஆண்டுக்குத் தேறும்.

அடுத்து அந்த 90 சதவீதம். சான்று பெற்ற கொழுக்கட்டைப் புல் விதைக்கே குறைந்தபட்ச முளைப்புத் திறன் 30 சதவீதம்தான் கேட்கிறார்கள். நெல்லுக்கு 80 என்று கேட்டுப் பழகிய கண்ணுக்கு 30 மட்டமாகத் தெரியும், 90 நம்பிக்கையாகத் தெரியும். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் அச்சடிக்கிறார்கள். புல் விதைச் சாக்கில் 90 என்று போட்டிருந்தால் அங்கேயே கைகூப்பி அனுப்பிவிடுங்கள்.

விலையையும் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள். புறத்தூய்மையையும் (மணல், தூசி போக மிஞ்சும் விதையின் பங்கு) முளைப்புத் திறனையும் பெருக்கிப் பாருங்கள். ஒரு சாக்கு கிலோ 600 ரூபாய், தூய்மை 80, முளைப்பு 30 என்று வைத்துக்கொள்வோம். கிலோவில் முளைக்கக்கூடியது 240 கிராம். முளைக்கும் விதைக் கணக்கில் கிலோ 2,500 ரூபாய். இன்னொரு சாக்கு கிலோ 350, தூய்மை 60, முளைப்பு 5 என்றால் கிலோவில் உயிருள்ளது 30 கிராம்தான். கணக்குப் போட்டால் கிலோ 11,000 ரூபாய்க்கு மேலே போகிறது. "ஏக்கருக்கு 10 கிலோ போடுங்க" என்று வியாபாரி சொன்னால் அதற்கும் இதுதான் காரணம். நல்ல விதையாக இருந்தால் எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்கு இரண்டரையிலிருந்து மூன்றே கால் கிலோ போதும்.

இனி அந்த "உறக்கம்" என்ற சாக்குப்போக்கை எப்படி உடைப்பது என்று பார்ப்போம். உறக்கத்தின் பெரும்பங்கு உமியிலும் சுணையிலும் இருக்கிறது, கொஞ்சம் கருவிலும் இருக்கிறது. ஆகவே உமி நீக்கிய அரிசியையும் உமியோடு உள்ள கொத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் உண்மை வெளியே வந்துவிடும். இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்து, டிஷ்யூ பேப்பரையோ வெள்ளைத் துணியையோ நான்காக மடித்து விரியுங்கள். ஒன்றில் உமி நீக்கிய அரிசி 50, மற்றதில் அப்படியே 50 கொத்து. நனைக்கக் கிணற்று நீரோ போர் நீரோ வேண்டாம். நம் பக்கத்து உப்பு நீர் நல்ல விதையையே முளைக்க விடாது. காவிரிக் கூட்டுக் குடிநீரோ பிடித்து வைத்த மழைநீரோ எடுத்து, லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரையுங்கள். உரக்கடையில் 13:0:45 என்று சொட்டுநீருக்கு விற்பது அதுதான். துணி ஈரமாக இருக்கட்டும், நீர் தேங்கக் கூடாது. மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

ஒரு வாரத்துக்குள் உமி நீக்கிய அரிசியில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்து, கொத்துத் தட்டு சும்மா கிடந்தால் விதை உண்மையிலேயே உறங்குகிறது. வியாபாரி சொன்னது சரி. இரண்டு தட்டிலும் அரிசி கொழகொழத்து, பூஞ்சணம் படர்ந்து, தொட்டால் நசுங்கினால் அது செத்த விதை. எந்த மழைக்கும் வராது. இரண்டு வாரம் ஆகியும் முளைக்காமல், ஆனால் கெட்டியாக, பூஞ்சணம் இல்லாமல் இருக்கும் அரிசிதான் சந்தேகத்துக்குரியது. அதை விதைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து டெட்ராசோலியம் சோதனை செய்யச் சொல்லுங்கள். உயிருள்ள கரு சிவப்பு நிறம் ஏறும், செத்தது ஏறாது. நம் மாவட்டத்துக்குப் பரமக்குடியில் அரசு விதைப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. விவசாயி தானே மாதிரி கொண்டுபோய்க் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். பணம் கொடுத்த பிறகு செய்வதை விட, கொடுப்பதற்கு முன் ஒரு கைப்பிடி வாங்கி இதைச் செய்துவிடுவது நல்லது.

அறுவடை மாதத்தையும் கட்டாயம் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து தை, மாசியில் எடுத்த விதை, புரட்டாசி, ஐப்பசிக்குள் ஏழெட்டு மாதம் ஆகி உறக்கம் தெளிந்திருக்கும். ஆடியில் அறுத்ததைப் புரட்டாசியில் விற்றால் அது பாதி உறக்கத்தில் இருக்கும். அதை வாங்கினால் அடுத்த ஆண்டுக்கு என்று வாங்கி வையுங்கள். உறக்கம் இருக்கிற விதையை அதே பருவத்தில் விதைத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு சதவீதக் கரைசலில், அதாவது லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டில், 48 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். செத்த விதைக்கு இது எதுவும் செய்யாது.

உறக்கம் எடுபடாவிட்டால் அடுத்து "உங்க மண்ணு உப்பு" என்பார்கள். வாலிநோக்கம் பக்கத்து உவர் நிலங்களில் இதிலும் உண்மை உண்டு. கொழுக்கட்டை ஓரளவு உப்பைத் தாங்கும். முளைக்கும் பருவத்தில் அவ்வளவு தாங்காது, நீர் தேங்கினால் நிற்கவே நிற்காது. முதல் பெருமழை மேல்மண் உப்பைக் கழுவி இறக்கிய பின்பு விதைப்பதுதான் சரி. ஆனால் மண்ணா விதையா என்பதையும் தட்டே சொல்லிவிடும். நல்ல நீரில், துணியில் முளைத்து, உங்கள் மண் போட்ட தொட்டியில் முளைக்கவில்லை என்றால் குற்றம் மண்ணில். துணியிலேயே முளைக்கவில்லை என்றால் மண்ணைப் பேச அவருக்கு வாயில்லை.

நம் பக்கமும் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. இந்த விதையை ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே புதைத்தால் பெரும்பாலும் மேலே வராது. ஏர் போட்டு மூடாமல், முள் கிளையை இழுத்து விட்டால் போதும். கடல் காற்றில் சுணை பறந்துவிடும் என்பதால் ஈர மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு அரிசியைத் தூக்கிக்கொண்டு போகும் இடங்களில் எடைக்கணக்கில் விதை ஒரு பங்கு, சாணம் ஒரு பங்கு, களிமண் மூன்று, மணல் ஒன்று என்று பிசைந்து சிறு உருண்டையாக்கிப் போடலாம்.

கூடவே இன்னொரு ஏமாற்று. ஆன்லைனில் "சூப்பர் நேப்பியர் விதை" என்று பாக்கெட் விற்கிறார்கள். சூப்பர் நேப்பியர் என்பது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், தீவனப் புல். அது முளைக்கும் விதை தராது. கரணை வைத்துத்தான் நட வேண்டும். பாக்கெட்டில் வருவது எதுவாக இருந்தாலும் அது இல்லை.

வாங்கும்போது விபர அட்டையில் பயிர், ரகம், குவியல் எண், பரிசோதனைத் தேதி, முளைப்புத் திறன், புறத்தூய்மை எல்லாம் இருக்க வேண்டும். சான்று விதைக்கு நீல அட்டை. உண்மைநிலை விதைக்கு, அதாவது சான்று இல்லாமல் விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்று விற்கும் விதைக்கு, வெளிர் பச்சை. விதை விற்பவருக்கு 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் வேண்டும், ரசீதும் தர வேண்டும். ரசீதில் குவியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். சாக்கைப் பிரிக்கும்போது போட்டோ எடுத்து, இரண்டு பேர் முன்னால் 200 கிராம் எடுத்து உறையில் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே விதைத்து முளைக்கவில்லை என்றால் நிலத்தை மறுபடி உழுதுவிடாதீர்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, நிலத்தை வந்து பார்க்கச் சொல்லுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். விதை வாங்கிய விவசாயி நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மிச்சம் இருக்கும் சாக்கை "கிடக்கட்டும், எதாவது முளைக்கும்" என்று மேய்ச்சல் நிலத்தில் கொட்டிவிட வேண்டாம். எங்கள் சாக்கில் சுணைக்குப் பதில் கெட்டி முள் உள்ள கொத்துகளும் இருந்தன. அது வேறு புல். செம்மறி மயிரில் ஏறிச் சிக்கும், வாயிலும் குளம்பிடுக்கிலும் குத்தும், ஒருமுறை பரவினால் எடுக்க முடியாது. விரலால் தடவிப் பாருங்கள்: கொழுக்கட்டைச் சுணை வளைந்து கொடுக்கும், இந்த முள் குத்தும். புகார் முடியும்வரை சாக்கைக் கட்டிப் பத்திரமாக வைத்து, அதன்பின் குழிக்குள் போட்டு எரித்துவிடுங்கள்.