190/55 இடத்தில் 200/55: டயர் நல்லதுதான், கணினிக்குச் சொன்னீர்களா?

லிட்டர் வகை (சுமார் 1000 சிசி) ஸ்போர்ட் பைக்கில் 190/55-17 பின் டயரைக் கழற்றிவிட்டு 200/55-17 மாட்டுவது இன்று பலரும் செய்கிற மாற்றம். வெறும் ரப்பராகப் பார்த்தால் இந்த அளவைக் குறை சொல்ல அதிகம் இல்லை. நன்றாகச் சாய்த்து ஓட்டும்போது தரையைப் பற்றும் பரப்பு கூடுகிறது, பின்பக்கம் சற்று உயர்வதால் வண்டி வளைவுக்குள் சுலபமாக விழுகிறது. 6 அங்குல ரிம்முக்கு இது அந்நியமான அளவும் இல்லை. 2015 யமஹா ஆர்1 190/55-உடன் வந்தது. அதே ஆண்டின் ஆர்1எம் 200/55-உடன் வந்தது. பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆரிலும் 190/55 அடிப்படை அளவாகவும் 200/55 விருப்ப அளவாகவும் கிடைத்திருக்கிறது. பிடிமானத்தைப் பற்றிப் பேச நிறைய இடம் உண்டு. இங்கே எடை போடுவது ஒன்றைத்தான்: இந்த டயரை மாட்டிய பிறகு டிராக்ஷன் கண்ட்ரோல் (பின் டயர் வழுக்கினால் இன்ஜின் இழுப்பைக் குறைப்பது), ஏபிஎஸ் (பிரேக்கில் வீல் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), வீலி கண்ட்ரோல் (முன் வீல் தூக்காமல் தடுப்பது), ஸ்பீடோ எல்லாம் எப்படி நடந்துகொள்கின்றன, அவற்றைச் சரிசெய்ய இருக்கும் வழிகளில் எது தேறும்.

முதலில் கணக்கு. 190 என்பது மி.மீ. கணக்கில் அகலம். அதில் 55 சதவீதம், அதாவது 104.5 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழுமாக 209, நடுவில் 17 அங்குல ரிம் 431.8. ஆக விட்டம் 640.8 மி.மீ., ஒரு சுற்றுக்கு 2,013 மி.மீ. இதே கணக்கில் 200/55 ஒரு சுற்றுக்கு 2,048 மி.மீ. ஓடும். 1.7 சதவீதம் அதிகம். பலர் பழைய பழக்கத்தில் தேடிப் போடும் 190/50 வெறும் 1,953 மி.மீ. தான், 3 சதவீதம் குறைவு. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இவற்றிலிருந்தே வருகிறது.

வண்டியின் கணினிக்கு டயர் தெரியாது. வீலோடு சுற்றும் துளையிட்ட வளையமும், அதன் எதிரே மயிரிழை இடைவெளியில் நிற்கும் சென்சாரும்தான் அதன் கண். வளையத்தில் 48 பல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 190/55 பின் வீல் விநாடிக்கு 662 துடிப்பு அனுப்பும். 200/55 ஆனால் 651. 190/50 ஆனால் 683. முன்னால் இருக்கும் 120/70 எந்த மாற்றமும் இல்லாமல் 708 அனுப்பிக்கொண்டிருக்கும். தொழிற்சாலையில் கணினிக்குள் எழுதி வைத்திருப்பது இந்த முன், பின் துடிப்புகளின் விகிதம். நேர்ச்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது 708-க்கு 662 வந்தால் எல்லாம் சரி. பின்னால் எண்ணிக்கை கூடினால் பின் டயர் வழுக்குகிறது என்று பொருள்.

190/50 ஏன் தொந்தரவு தருகிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும். ஒன்றுமே வழுக்காதபோதும் பின் வீல் 3 சதவீதம் வேகமாகச் சுற்றுகிறது. கணினிக்கு அது நிரந்தர வழுக்கல். வளைவிலிருந்து வெளியே வரும்போது த்ராட்டிலைத் திறந்தால் இன்ஜின் முழுசாக இழுக்காது, மீட்டரில் டிராக்ஷன் விளக்கு காரணமில்லாமல் மினுக்கும். வண்டி சோர்ந்துவிட்டது என்று ஏர் ஃபில்டரையும் எரிபொருள் மேப்பையும் நோண்டிக்கொண்டிருப்பவர்கள் முதலில் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட எண்ணைப் பார்க்க வேண்டும்.

200/55-இல் நடப்பது இதற்கு நேர் எதிர். அதுதான் ஆபத்தான பக்கம், ஏனென்றால் ஓட்டுபவருக்கு எதுவுமே தப்பாகத் தெரியாது. பின் வீல் 1.7 சதவீதம் மெதுவாகச் சுற்றுவதால், உண்மையில் 1.7 சதவீதம் வழுக்கும்போதுதான் கணினிக்கு வழுக்கல் பூஜ்யமாகத் தெரிகிறது. ஒவ்வொரு தலையீடும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறது. வண்டி தாராளமாக இழுக்கிறது என்று ஓட்டுபவர் மகிழ்ந்துபோவார். அதில் ஒரு பகுதி டிராக்ஷன் கண்ட்ரோலைச் சற்றுக் குறைத்து வைத்ததற்குச் சமம். மழை ரோட்டில் இந்தத் தாராளம் வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுப்பகுதி 3 மி.மீ. தேய்ந்த பழைய 190/55-இன் விட்டம் 6 மி.மீ. குறைந்திருக்கும், அதாவது கிட்டத்தட்ட 0.9 சதவீதம். அதைக் கழற்றிப் புது 200/55 மாட்டினால் கணினி காணும் தாவல் 1.7 அல்ல, 2.6 சதவீதத்துக்கு மேல். "200 போட்டதும் வண்டியே மாறிப்போச்சு" என்பவர்கள் பாதி நேரம் தேய்ந்த டயரோடுதான் ஒப்பிடுகிறார்கள். தயாரிப்பாளர்கள் இந்தத் தேய்மானத்துக்கு இடம் விட்டுத்தான் மென்பொருளை எழுதுகிறார்கள். டயர் அளவை மாற்றும்போது அந்த இடத்தை நாமே தின்றுவிடுகிறோம்.

முன் டயரையும் மாற்றினால் கணக்கு இன்னும் சுவையாகிறது. 120/70-க்குப் பதில் 120/65 போட்டால் முன் வீல் 2 சதவீதம் வேகமாகச் சுற்றும். பின்னால் 200/55, முன்னால் 120/65 என்றால் மறைந்துபோகும் வழுக்கல் 3.8 சதவீதம். இந்தச் சேர்க்கையைக் காலிப்ரேஷன் (புது டயர் அளவைக் கணினிக்குப் பழக்குவது) இல்லாமல் யாரும் ஓட்டக்கூடாது. மறுபுறம் 120/65-உடன் 180/55 சேர்ந்தால் விகிதம் பழையதிலிருந்து 0.3 சதவீதம்தான் விலகும். டிராக்ஷன் கண்ட்ரோல் ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும், ஸ்பீடோ மட்டும் கூடுதலாகக் காட்டும். 6 அங்குல ரிம்மில் 180 போடச் சொல்லவில்லை. விகிதம்தான் எல்லாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

நேராகப் போகும்போது உள்ள கதை இவ்வளவுதான். சாயும்போது வேறு. 45 பாகை சாய்ந்தால் வண்டி டயரின் தோள்மீது உருள்கிறது, தோளில் சுற்றளவு குறைவு. தோராயக் கணக்கில் 190/55 பின் டயர் 9 சதவீதமும் 120/70 முன் டயர் 6 சதவீதமும் சிறுக்கும். வழுக்கலே இல்லாமல், சாய்வு மட்டுமே விகிதத்தை 3 சதவீதம் நகர்த்திவிடுகிறது. ஐஎம்யு (வண்டியின் சாய்வையும் அசைவையும் அளக்கும் சென்சார்) வந்த பிறகு கணினிக்குச் சாய்வுக் கோணம் தெரியும், ஆகவே கோணத்துக்கு ஏற்றபடி திருத்தும் அட்டவணை ஒன்று உள்ளே இருக்கிறது. அந்த அட்டவணை குறிப்பிட்ட வளைவு வடிவமுள்ள டயருக்காக எழுதப்பட்டது. 190/50-இன் முதுகு, அதாவது தரையைத் தொடும் வளைந்த பரப்பு, தட்டையானது. நேராக 3 சதவீதம் விலகுவது சாய்வில் வேறு எண்ணாக மாறும். நேர்ச்சாலைக் காலிப்ரேஷன் முழுக் கோட்டையும் மேலே கீழே நகர்த்துமே தவிர அதன் வளைவைத் திருத்தாது. 200/55-க்கு நான் நல்ல மதிப்பெண் தருவதன் காரணம் இதுதான். பக்கச்சுவர் சதவீதம் 55-ஆகவே இருப்பதால் முதுகின் வடிவம் 190/55-க்கு நெருக்கமாக இருக்கிறது, ஒருமுறை நேராகச் சரிசெய்தால் சாய்விலும் பெரும்பாலும் சரியாகிவிடும். 180/60 சுற்றளவில் 1.1 சதவீதம்தான் விலகுகிறது, காகிதத்தில் 200-ஐ விட நெருக்கம். ஆனால் அது 5.5 அங்குல ரிம்முக்கான டயர், 6 அங்குலத்தில் இழுபட்டு முதுகு தட்டையாகும். காகித எண்ணை மட்டும் நம்பினால் இங்கே ஏமாற்றம்தான்.

ஏபிஎஸ் இந்த மாற்றத்தை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. பிரேக் பிடிக்கும்போது எந்த வீல் வண்டி வேகத்தைவிட மெதுவாகச் சுற்றுகிறது என்று அது பார்க்கிறது; பெரிய பின் டயர் எப்போதும் கொஞ்சம் மெதுவாகத் தெரிவதால் பின் ஏபிஎஸ் சற்று முன்னதாக விழிக்கலாம். பல அமைப்புகள் சீரான ஓட்டத்தில் இரு வீல்களின் வித்தியாசத்தை ஒரு வரம்புக்குள் தானே கற்றுக்கொள்ளும். வரம்பைத் தாண்டினால் சிக்னல் பொருந்தவில்லை என்று முடிவுகட்டி விளக்கைப் போட்டுவிட்டு ஏபிஎஸ்ஸையும் டிராக்ஷனையும் சேர்த்தே நிறுத்தும்.

டயர் மாற்றியதும் விளக்கு எரிந்தால் உடனே அளவைக் குறை சொல்ல வேண்டாம். பேடாக் ஸ்டாண்டில் (பின் வீலைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் தாங்கி) கியர் போட்டுப் பின் வீலைச் சுற்றவிட்டிருந்தால் முன் வீல் நிற்கிறதே என்று கணினி குழம்பியிருக்கும். சாவியை அணைத்துப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்றால் வளையத்தைப் பாருங்கள். டயர் கழற்றும்போது வீலைத் தரையில் படுக்க வைத்து மிதித்தால் வளையம் வளைந்துவிடும்: ஒரு பக்கம் சென்சாரை உரசும், மறுபக்கம் விலகி நிற்கும். வீலை மெதுவாகக் கையால் சுற்றி, ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நாலு இடத்தில் இடைவெளியை அளந்து சர்வீஸ் மேனுவலின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். வீலின் இருபுறமும் அச்சில் வரும் ஸ்பேசர் வளையங்கள் இடம் வலம் மாறியிருந்தாலும் இதே கோளாறு வரும்.

சரி, கணினிக்குச் சொல்லும் வழிகள். வண்டிக்குள்ளேயே இருக்கும் டயர் காலிப்ரேஷன் மெனுவுக்கு முழு மதிப்பெண். ஏப்ரிலியா ஆர்எஸ்வி4-இல் 2011-இல் வந்த ஏபிஆர்சி என்ற மின்னணு உதவித் தொகுப்பு, வேறு டயருக்கும் வேறு செயின் விகிதத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வசதியோடு வந்தது. டுகாட்டி பனிகாலே வி4-லும் மெனுவில் டயர் காலிப்ரேஷன் உண்டு. செய்முறை எளிது: நேரான, சமதளமான, காலியான ரோடு, மேனுவல் சொல்லும் கியர், சொல்லும் வேகம், த்ராட்டிலை அசைக்காமல் நிமிர்ந்தபடி, மீட்டர் முடிந்தது என்று சொல்லும்வரை. இதைக் கெடுப்பவை மூன்று. குளிர்ந்த டயரில் காற்றழுத்தம் சரிபார்க்காமல் செய்வது; கப்பி ரோட்டிலோ ஏற்றத்திலோ செய்வது; பழைய தேய்ந்த முன் டயரோடு புதுப் பின் டயரைக் காலிப்ரேட் செய்துவிட்டு, அடுத்த மாதம் முன் டயரை மாற்றியதும் மறந்துவிடுவது. மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது.

மெனு இல்லாத வண்டிக்கு ஈசியு ரீஃப்ளாஷ், அதாவது வண்டிக் கணினியின் மென்பொருளைத் திருத்தி மறுபடி எழுதுவது. வீல் சுற்றளவை எண்ணாகவே எழுதித் தரும் டியூனர் கையில் இது நல்ல வழி. அந்த எண்ணை டயர் கம்பெனியின் அட்டவணையிலிருந்து எடுக்காமல் தரையில் அளந்து கொடுங்கள். ஒரே 190/55 என்று அச்சிட்ட இரண்டு டயர்கள் சில மி.மீ. வேறுபடும். காற்றழுத்தத்தைக் குளிரில் சரிசெய்து, வால்வு கீழே வரும் இடத்தில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒருவர் வண்டிமேல் நிமிர்ந்து உட்கார இன்னொருவர் தள்ளி, சரியாக ஐந்து சுற்று உருட்டி மறுகோடு போடுங்கள். தூரத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு சுற்று. எடை அழுத்துவதால் மேலே போட்ட கணக்கைவிடக் குறைவாகத்தான் வரும், அது சரியே. முன் வீலுக்கும் இதையே செய்து, பின் வீலின் எண்ணை முன் வீலின் எண்ணால் வகுத்து வரும் விகிதத்தை, பழைய டயரைக் கழற்றும் முன் எடுத்த விகிதத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் தெரு ஓட்டத்துக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை. இரண்டைத் தாண்டினால் காலிப்ரேஷன் இல்லாமல் டிராக்ஷன் கண்ட்ரோலை நம்பி ஓட்டாதீர்கள்.

கடைசி வழி, ஸ்பீடோவைத் திருத்தும் குட்டிப் பெட்டி. சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே மாட்டித் துடிப்புகளை ஏதோ ஒரு சதவீதம் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் பழைய, ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு இது அருமையான பொருள், ஸ்ப்ராக்கெட் மாற்றியவர்களுக்கும் உதவும். நவீன ஸ்போர்ட் பைக்குக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வீல் சென்சார் நேராக ஏபிஎஸ் பெட்டிக்குள் போகிறது. அங்கிருந்துதான் மற்ற எல்லாருக்கும் தகவல் பகிரப்படுகிறது. பிரேக்கின் உயிர்நாடியான அந்தக் கம்பியை வெட்டி நடுவே எதையும் சொருகக் கூடாது. ஸ்பீடோவுக்காக மட்டும் என்றால் அதற்கும் அவசியமில்லை. ஐ.நா. விதி 39-இன்படி ஸ்பீடோ உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. 10 சதவீதமும் 4 கி.மீ.யும் வரை கூட்டிக் காட்டலாம். ஆகவே பெரும்பாலான மீட்டர்கள் கூட்டித்தான் காட்டுகின்றன. வேகம் பின் வீலிலிருந்து எடுக்கப்படும் வண்டியில் 200/55 போட்டால் மீட்டர் உண்மைக்கு நெருங்கி வரும். ஆனால் குறைத்துக் காட்டவில்லையா என்று ஒருமுறை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஓடோமீட்டர் மட்டும் இனி சற்றுக் குறைத்து எண்ணும், சர்வீஸ் இடைவெளியில் அதை நினைவில் கொள்ளுங்கள்.

ரேஸ் டிராக்குக்கு ஸ்லிக் (பள்ளக் கோடுகள் இல்லாத ரேஸ் டயர்) வாங்குபவர்களுக்கு ஒரு சொல். 200/655, 120/600 என்று அச்சிட்டிருந்தால் இரண்டாவது எண் சதவீதம் அல்ல, மி.மீ. விட்டம். 655 என்பது 190/55-ஐ விட 2.2 சதவீதம் பெரியது. முன் 600 பழைய 120/70-க்குச் சமம், ஆகவே விகிதம் அந்த 2.2-ஐ அப்படியே வாங்கிக்கொள்ளும். டிராக் நாள் காலையில் ஸ்லிக்கை மாட்டி, முதல் செஷனுக்கு முன் காலிப்ரேட் செய்யுங்கள். மாலை தெரு டயருக்குத் திரும்பியதும் வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஸ்லிக்குக்குப் பழகிய கணினி, தெரு டயர் சும்மா உருளும்போதே 2 சதவீதம் வழுக்குவதாகக் கணக்குப் போட்டுக்கொண்டே வரும்.